நூற்று இருபத்தெட்டாவது புரளல்

மாலை ஆறு மணிக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கால்களை நிறுத்திவிடுவது என்று மருத்துவக் கருவி ஆணையம் முடிவு செய்திருந்தது. கடிதம் காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பூங்கோதை அதை மேசைக்கு முன்னால் நின்றபடியே படித்தாள். அந்த நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

முதுகுத் தண்டுவடம் அறுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்களுக்குப் பொருத்தும் கருவி அது. தீப்பெட்டியில் பாதி இருக்கும். நட என்று மூளை சொல்வதை மேலே வாங்கி, அறுந்த இடத்தைத் தாண்டி, கால் நரம்புகளிடம் கொடுக்கும். கால் உணர்வதில் கொஞ்சத்தைத் திரும்ப மேலேயும் அனுப்பும். ஆவணங்களில் அதற்கு நீளமான பெயர் உண்டு. பொருத்திக்கொண்டவர்கள் அதைப் பாலம் என்றார்கள், தங்களைப் பாலக்காரர்கள் என்றார்கள். கோவைக்கு வெளியே நீலாம்பூரில், மூன்று தலைமுறையாகப் பம்புசெட் செய்துவந்த ஒரு குடும்பம் அதைத் தயாரித்தது. தண்ணீரை மேலே ஏற்றியவர்கள் இப்போது மனிதரை ஏற்றுகிறோம் என்று முதலாளி கனகசபை கூட்டங்களில் சொல்வார்.

பாலத்துக்குள் ஒரு சின்ன இயங்குதளம் ஓடுகிறது. அதன் அடிமடி கெர்னல். மற்ற நிரல்கள் ஏதாவது செத்தால் கெர்னல் எழுப்பிவிடும். கெர்னலே செத்தால் எழுப்ப ஆளில்லை. எல்லாம் நின்று, முதலிலிருந்து தொடங்கி, விழித்துக்கொள்ளத் தொண்ணூறு வினாடி ஆகும். அந்தத் தொண்ணூறு வினாடியும் கால் இல்லை. ஒன்பது மாதங்களில் பதினொரு பேருக்கு இப்படி ஆகியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. எல்லோரும் விசாரணையில் ஒரே பதிலைச் சொன்னார்கள்: படுத்திருந்தேன். கருவியின் பதிவும் அதையே சொன்னது. ஆனால் போன வாரம் ஒரு தொலைக்காட்சி இதை மோப்பம் பிடித்து, சாலையைக் கடக்கும்போது நின்றால் என்ன ஆகும் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். காரணத்தைக் கண்டுபிடித்து நிரூபிக்கும்வரை எல்லாப் பாலங்களையும் நிறுத்திவைப்பது என்று ஆணையம் கெடு வைத்தது. இன்றைக்குக் கடைசி நாள்.

கனகசபை அவளை அறைக்குக் கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். பாலம் வைத்திருக்கிறவளே பாலத்தை விசாரித்தால் ஆணையம் ஒன்று கிடக்க ஒன்று சொல்லும் என்பது அவர் கவலை.

"ஆறு மணிக்கு மேல வீட்டுல உக்காந்துதானுங்க சார் இருக்கப் போறேன். அது வரைக்கும் இங்க நிக்கறேன்" என்றாள் பூங்கோதை.

இருபத்து நாலு வயதில் அவிநாசி சாலையில் ஒரு டெம்போ அவளைத் தூக்கி எறிந்தது. எட்டு வருடம் சக்கர நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் இந்த வேலைக்கு வந்தாள், பாலத்தின் கெர்னலில் பாதியை எழுதினாள். இரண்டு வருடத்துக்கு முன் அதே கெர்னல் அவள் முதுகுக்குள் போனது.

பதினொரு சாவுக்கும் பதினொரு சீட்டு இருந்தது. சாகும்போது கெர்னல் ஒரு குறிப்பு எழுதிவைக்கும். கடைசியாக எந்தச் சார்பு, அதாவது நிரலின் எந்தத் துண்டு, ஓடிக்கொண்டிருந்தது, அதை யார் அழைத்தது, அவரை யார் அழைத்தது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. ஸ்டாக் டிரேஸ் என்பார்கள். அவளோடு வேலை பார்க்கும் இர்ஃபான் அதை மரண வாக்குமூலம் என்பான். பதினொரு வாக்குமூலமும் ஒரே சார்பைக் கைகாட்டின. உணர்வு குறைந்த உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். அதனால் ஆள் எந்தப் பக்கம் எத்தனை தடவை புரண்டார் என்று பாலம் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும் சார்பு அது. மொத்தம் இருபத்திரண்டு வரி. ஏழு பேர் கொண்ட குழு அதை மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படித்திருந்தது. ஒரு குறையும் இல்லை. ஆகவே சந்தேகம் வேறு பக்கம் போனது. கிராஷ் ஆன நேரத்தில் பதினொரு பேரின் தோலும் ஈரமாக இருந்தது. எனவே ஈரம் என்றார்கள். பிறகு செல்போன் கோபுரம் என்றார்கள். நாலு மாதம் ஒரு கருவியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டும் பார்த்தார்கள். அது சாகவில்லை.

"நாம எழுதுனதப் படிச்சது போதும்டா. மிஷின் என்ன படிச்சுதுன்னு பாப்போம்" என்றாள் பூங்கோதை.

மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் அப்படியே படிப்பதில்லை. கம்பைலர் என்ற மென்பொருள் அதை வெறும் எண்களாக மாற்றித்தான் கருவிக்குள் அனுப்புகிறது. அந்த எண்களைத் திரும்பப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டளை என்று பார்ப்பதற்கு டிஸ்அசெம்பிளி என்று பெயர். கல்யாணச் சாப்பாட்டில் சாம்பாரை ருசித்து, என்னென்ன எந்த வரிசையில் போட்டான் என்று சொல்கிற வேலை. இருபத்திரண்டு வரி நூற்று ஆறு கட்டளைகளாக விரிந்தது. அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து இறங்கினாள்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கழித்தல். பதினொரு சீட்டிலும் கெர்னல் தொடக்கூடாத ஏதோ ஒரு நினைவக முகவரியைத் தொட்டுச் செத்திருந்தது. முகவரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்ததால் யாரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கருவியிலும் நினைவகம் வேறு வேறு இடத்தில் அடுக்கப்படுவதால் முகவரி மாறத்தான் செய்யும். பூங்கோதை ஒவ்வொரு முகவரியிலிருந்தும் அந்தந்தக் கருவியில், புரண்ட கணக்கை வைத்து அந்தச் சார்பு தேடும் பட்டியல் தொடங்கும் இடத்தைக் கழித்தாள். முதல் சீட்டில் நூற்று இருபத்தெட்டு இடம் முன்னால். இரண்டாவதிலும் அதே. பதினொன்றிலும் நூற்று இருபத்தெட்டு.

இர்ஃபான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, இது ஈரமில்ல. ஈரத்துக்கு எண்ணத் தெரியாது."

நாற்பத்தோராவது கட்டளையில் அகப்பட்டது. புரண்ட கணக்கை நினைவகத்திலிருந்து எடுக்கும் இடம் அது. நாலு பைட், அதாவது நினைவகத்தின் நாலு கட்டம், எடுக்க வேண்டும். ஒரே ஒரு பைட்தான் எடுத்தது.

அவள் அவனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ஒரு பைட்டுக்குள் கழித்தல் நூற்று இருபத்தெட்டிலிருந்து கூட்டல் நூற்று இருபத்தேழு வரைதான் இடம். வலது பக்கம் ஒரு முழுப் புரளல் புரண்டால் ஒன்று கூடும், இடது பக்கம் புரண்டால் ஒன்று குறையும். நூற்று இருபத்தேழில் நிற்கும்போது இன்னொரு தடவை வலது பக்கம் புரண்டால், மேலே போக இடமில்லாமல் எண் மறுகோடியில் போய் விழும். கழித்தல் நூற்று இருபத்தெட்டு. அதோடு போகவில்லை. பட்டியலில் தேடுவதற்குப் பக்கம் முக்கியமில்லை என்பதால் சார்பு அடுத்த வரியில் கழித்தல் குறியை எடுத்துவிடுகிறது. கழித்தல் ஐந்து ஐந்தாகும். கழித்தல் நூறு நூறாகும். ஆனால் கழித்தல் நூற்று இருபத்தெட்டில் குறியை எடுத்தால் வரும் எண்ணுக்கு ஒரு பைட்டில் இடமே கிடையாது. எனவே அது குறியோடு அப்படியே நிற்கும். கெர்னல் அதை நம்பிப் பட்டியலுக்கு நூற்று இருபத்தெட்டு இடம் முன்னால் போய்க் கையை வைக்கும். அங்கே செத்துப்போகும்.

"ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இது நடக்கும். முன்னால இருக்கற எல்லா எண்ணும் சரியாப் போகும்" என்றாள்.

"அப்ப நாம படிச்ச நிரல்ல ஏன் தெரியல?"

நிரலில் அந்தக் கணக்குக்கு ஒரு வகைப்பெயர் மட்டும் இருந்தது. அந்த வகை எத்தனை பைட் என்பது வேறொரு கோப்பில், மூவாயிரம் வரிகளுக்கு நடுவே இருந்தது. பூங்கோதை அதைத் திறந்தாள். ஒரு வரி. அதன் பக்கத்தில் பதினாலு மாதம் முந்திய தேதி. கீழே மாற்றியவர் எழுதிவைத்த குறிப்பு: 'மின்கல சேமிப்புக்காக ஒரு பைட்டாகச் சுருக்கப்பட்டது. ஒரு மனிதர் ஒரே பக்கமாக நூறு தடவைக்கு மேல் புரள மாட்டார்.' குறிப்பின் முடிவில் பெயரெழுத்து. அவளுடையது.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பாலம் வந்த புதிதில் மின்கலம் மாலை ஏழு மணிக்கே தீர்ந்துவிடும். பஸ் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் கால் போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயம். இதுபோல இருபது இடங்களில் சிக்கனம் பிடித்துத்தான் நாற்பது நிமிடம் கூட்டினாள். நாலாயிரம் பேரும் வாழ்த்தினார்கள்.

"கம்பைலர் தப்புன்னு சொல்லிரலாம்க்கா" என்றான் இர்ஃபான் தணிந்த குரலில். "எவன் வந்து பாக்கப் போறான்?"

"அதைச் சாயங்காலம் பேசிக்கலாம். மொதல்ல இதச் சொல்லு. எவன்டா ஒரே பக்கமா நூத்து இருபத்தெட்டு தடவ புரளுவான்?"

அது உண்மையிலேயே பெரிய கேள்வி. தூக்கத்தில் ஆள் வலது பக்கம் ஒரு தடவை புரண்டால் இடது பக்கம் ஒரு தடவை திரும்புவார். கணக்கு மூன்று நாலைத் தாண்டாது. சப்பாத்திகூட நடுவில் திருப்பிப் போடப்படும் என்றான் இர்ஃபான். ஆனால் சீட்டுகளில் புரண்ட நேரங்களும் பதிவாகியிருந்தன. நாலு வினாடிக்கு ஒன்று. நிற்காமல், தவறாமல், ஒரே பக்கமாக, எட்டரை நிமிடம். பெரும்பாலும் விடியற்காலை நாலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில். ஈரத் தோலோடு.

இர்ஃபான் தேதிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். அப்போது கேன்டீனிலிருந்து மாராத்தா டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தக் கட்டடம் பம்புசெட் பட்டறையாக இருந்த காலத்திலிருந்து இருப்பவள்.

"அது தைப்பூசமல்ல கண்ணு?" என்றாள் மாராத்தா. "அன்னிக்குத்தான நான் லீவு போட்டேன். நடுவுல ஒன்னு சொன்னியே, அது ஆடிக் கிருத்திகை."

இர்ஃபான் மீதியையும் படித்தான். பங்குனி உத்திரம் இரண்டு. கார்த்திகை ஒன்று. மாராத்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"விடியக்காலம், ஈரத்துணி, ஒரே பக்கமா உருளறது" என்று பூங்கோதை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கு கண்ணு இத்தன கம்ப்யூட்டரு? அங்கப்பிரதட்சணம். கால் வந்தா உருளறேன்னு வேண்டியிருப்பாங்க. வந்துருச்சு, உருண்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு மாராத்தா அடுத்த மேசைக்குப் போனாள்.

பூங்கோதைக்கு நாற்காலியிலிருந்து எழ வேண்டும் போலிருந்தது. எழுந்தாள். எழ முடிந்தது என்பதே அந்த நிமிடத்தில் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலாயிரம் பேரில் எத்தனையோ பேர் உருண்டிருப்பார்கள். சின்னக் கோயிலானால் நூற்றுக்குள் சுற்று முடிந்திருக்கும். பெரிய பிரகாரம் கிடைத்த பதினொரு பேர் மட்டும் நூற்று இருபத்தெட்டைத் தொட்டிருக்கிறார்கள். படுத்திருந்தேன் என்று சொன்னதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. மீதியை ஏன் சொல்லவில்லை என்பது தெரிந்ததுதான். உருளுதல், குதித்தல், பாரம் தூக்குதல் கூடாது, மீறினால் இலவசப் பராமரிப்பு ரத்து என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஒரு தேதி மட்டும் இடித்தது. ஆகஸ்டு பதினைந்து. சுதந்திர தினத்துக்கு யார் உருளுவார்கள் என்று இர்ஃபான் கேட்டான். அதை அவனிடம் விட்டுவிட்டு, பூங்கோதை பங்குனி உத்திரத்துக்காரர் ஒருவருக்குப் போன் செய்தாள். தாராபுரத்துக்காரர். ஆறுச்சாமி என்று பெயர். லாரி ஓட்டிக்கொண்டிருந்து, கவிழ்ந்து, இப்போது உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எத்தனை தடவை கேட்டாலும் படுத்திருந்தேன் என்றே சொன்னார்.

"அண்ணா, நானும் பாலக்காரிதானுங்க" என்றாள் கடைசியில். "ஆறு மணிக்கு உங்களுக்கு நிக்கறப்ப எனக்கும் நிக்குமுங்க."

மறுமுனையில் யாரோ நட்டு போல்ட்டைக் கொட்டி அளக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"கடைய விட்டு வெளிய வந்துட்டேனுங்க அம்மணி" என்றார் ஆறுச்சாமி. "தெற்குப் பக்கம் திரும்புனேனுங்க. திடீர்னு இடுப்புக்குக் கீழ ஒன்னுமில்ல. அப்படியே கெடந்தேன். சுத்தி இருந்தவங்க சாமி வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்க. வாயில திருநீறு போட்டு, நாலு பேரு தூக்கி ஓரமா உக்கார வெச்சு, ரெண்டு பேரு குறி வேற கேட்டாங்க. நான் என்னன்னுங்க சொல்றது?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அப்புறம், எழுதிக்கொடுத்துவிட வேண்டாம், பராமரிப்பை வெட்டிவிட்டால் தன்னால் முடியாது என்றார். எந்தப் பெயரும் எழுத மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

போனை வைக்கும்போது இர்ஃபான் எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஆகஸ்டு பதினைந்துக்காரர் கோவில்பட்டிப் பக்கத்துச் சவரிமுத்து. அன்றைக்குத்தான் அவர்கள் ஊரில் மாதாவின் தேர். தேருக்குப் பின்னால் வீதி முழுக்க ஆண்கள் உருண்டு வருவார்களாம். 'நான் மட்டுமா உருண்டேன், முந்நூறு பேரு உருண்டோம்லா, எனக்கு மட்டும் ஏன் கேக்கிய?' என்று அவர் கோபித்துக்கொண்டாராம்.

மணி இரண்டு. ஒரு பைட்டை மறுபடி நாலாக்கித் திருத்துவதற்கு இருபது நிமிடம் போதும். நிரூபிப்பதுதான் பாடு. ஆணையர் பத்மாசனி சென்னையிலிருந்து காணொளியில் வந்தார். பக்கத்தில் இரண்டு மருத்துவர்கள். கருதுகோளைக் கேட்டுக்கொண்டார். கண் முன்னால் சாக வேண்டும், திருத்தியபின் அதே நிலையில் சாகாமல் இருக்க வேண்டும், இரண்டையும் ஐந்து மணிக்குள் காட்டுங்கள் என்றார்.

இர்ஃபான் உபரிக் கருவி ஒன்றைப் பட்டறை லேத்தில் மாட்டிச் சுற்றினான். இருநூறு சுற்று, முந்நூறு சுற்று. ஒன்றும் ஆகவில்லை. தசையின் அசைவு கூடவே வந்தால்தான் கெர்னல் அதைப் புரளலாகக் கணக்கில் எடுக்கும். இல்லாவிட்டால் பஸ் வளைவில் திரும்புவதையெல்லாம் எண்ணத் தொடங்கிவிடும். அந்த வரியையும் பூங்கோதைதான் எழுதியிருந்தாள். நன்றாக எழுதியிருந்தாள்.

உடம்பு வேண்டும். கட்டடத்தில் பாலம் உள்ள உடம்பு ஒன்றுதான்.

"உனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றார் கனகசபை.

"ஆகணும்னுதானுங்க சார் உருளறேன்."

பம்புசெட் மோட்டார் இன்னும் செய்யப்படும் பகுதியின் பெரிய கூடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சிமெண்டுத் தரை, வழுவழுப்பு. அங்கேதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கூடத்தின் நீளம் முப்பது மீட்டர். சுவர் வரைக்கும் உருண்டுவிட்டுத் திரும்பி உருண்டால் கணக்கு குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகிவிடும். நூற்று இருபத்தெட்டு வர வேண்டுமானால் திரும்பாமல் சுற்றித்தான் ஆக வேண்டும். கூடத்தின் நடுவில் கம்பிச்சுற்று இயந்திரங்கள் நாலு வரிசை. அவற்றைச் சுற்றி வழி விட்டார்கள்.

பூங்கோதை படுத்து உருளத் தொடங்கினாள். ஏழு தடவையில் கோணலாகப் போய் ஒரு மேசைக் காலில் முட்டினாள். கம்பி சுற்றும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாராத்தா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கைய மார்ல வெச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் கண்ணு. தலைக்கு மேல கூப்பிக்க. கால ரெண்டையும் சேத்து வை. திரும்பற எடத்துல நாங்க புடிச்சுத் திருப்பறோம்."

ஒருத்தி ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் தெளித்தாள். துணி பிடிக்காமல் வழுக்கும் என்றாள். அந்த ஏழையும் எதிர்ப்பக்கம் உருண்டு கழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். இர்ஃபான் மடிக்கணினியோடு கூடவே நடந்து எண்ணினான். பத்துக்கு மேல் பெண்களும் எண்ணினார்கள். ஐம்பதில் கூடம் முழுவதும் ஒரே குரலாக இருந்தது. பூங்கோதைக்குக் கூரையும் தரையும் மாறி மாறி வந்தன. கூரையில் மஞ்சள் விளக்கு, தரையில் ஈரம், விளக்கு, ஈரம். எண்பதில் குமட்டியது. முழங்கை உரிந்தது. ஒவ்வொரு முனையிலும் யாரோ இருவர் அவள் தோளையும் கணுக்காலையும் பிடித்துத் திசை மாற்றினார்கள். கணுக்காலில் பட்ட கையை அவளால் உணர முடிந்தது. அதை இழக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணத்தோடு நூறைத் தாண்டினாள்.

நூற்று இருபத்தாறு. நூற்று இருபத்தேழு.

நூற்று இருபத்தெட்டில் கால்கள் போயின. வலி இல்லை, சத்தமும் இல்லை. இடுப்பில் யாரோ ஒரு கோடு கிழித்து அதற்குக் கீழே இருந்ததை அழித்தது போல. இரண்டு வருடத்துக்கு முந்திய உடம்பு திரும்பி வந்து அவளுக்குள் படுத்துக்கொண்டது. இர்ஃபானின் திரையில் வாக்குமூலம் விழுந்தது. அதே சார்பு, அதே கட்டளை, அதே நூற்று இருபத்தெட்டு.

"செத்துருச்சுக்கா" என்றான் அவன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் படுத்தபடியே சிரித்தாள்.

அந்தத் தொண்ணூறு வினாடியில் மாராத்தா அவளுடைய உணர்வற்ற காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கால்விரல்கள் மெல்ல விழித்தபின் திருத்திய நிரலை ஏற்றினார்கள். அது இன்னொரு தொண்ணூறு வினாடி. பிறகு இரண்டாவது சுற்று. இந்தத் தடவை யாரும் உரக்க எண்ணவில்லை. நூற்று இருபதிலிருந்து உதடுகள் மட்டும் அசைந்தன. நூற்று இருபத்தெட்டு. நூற்று இருபத்தொன்பது. நூற்று முப்பதில் கூடம் ஆரவாரத்தில் வெடித்தது. கனகசபை பக்கத்தில் நின்றிருந்த காவலாளியைக் கட்டிக்கொண்டார். கேமராவில் ஆணையர் போதும் என்று கையைக் காட்டியதை யாரும் கவனிக்காததால் பூங்கோதை நூற்று நாற்பது வரை உருண்டுவிட்டாள்.

உடம்பெல்லாம் ஈரமும் கிரீஸுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். பத்மாசனி நிதானமானவர். எழுதிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பதினொரு பேரும் இப்படித்தான் புரண்டோம்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்க சொன்னது உங்க ஃபைல்லயே இருக்குங்க மேடம். படுத்திருந்தாங்க."

ஆணையரின் பேனா நின்றது. திரை வழியாக அவர் நனைந்த தரையைப் பார்த்தார், சேலை செருகி நின்ற பெண்களைப் பார்த்தார், இயந்திரங்களைச் சுற்றிக் கிடந்த ஈரத் தடத்தைப் பார்த்தார். ஏன் ஒரே பக்கமாக என்று அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"அந்த அளவைச் சுருக்கினது யார்?"

இர்ஃபான் கீழே குனிந்து எதையோ தேடினான். கனகசபை தொண்டையைச் செருமினார். அன்றைக்கு எல்லோருமே களைத்திருந்தார்கள், நிறுவனத்தின் கூட்டு முடிவு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும்.

"நானுங்க மேடம்" என்றாள் பூங்கோதை. "யாரும் நூறுக்கு மேல புரள மாட்டாங்கன்னு நெனச்சேன். நெனச்சதை எழுதியும் வெச்சுட்டேன்."

ஐந்து நாற்பதுக்கு உத்தரவு வந்தது. நிறுத்தம் ரத்து. திருத்தம் இன்றிரவே எல்லாப் பாலங்களுக்கும் போகலாம். கீழே இரண்டு நிபந்தனைகள். பாலம் பொருத்திக்கொண்டவர் யாரும் இனி அதன் கெர்னலில் கை வைக்கக் கூடாது. அவருடைய அவசரம் நிரலுக்குள் வந்துவிடுகிறது. இரண்டாவது, பொருத்திக்கொண்ட ஒவ்வொருவரும், எந்தக் காரணத்துக்காகவும் தொடர்ந்து ஒரே திசையில் புரள மாட்டேன் என்று புதிதாகக் கையெழுத்திட வேண்டும். முன்னெச்சரிக்கையாக.

"திருத்தியாச்சே! இனி எதுக்கு இது?" என்று இர்ஃபான் பொருமினான். கனகசபை அவள் முகத்தைப் பார்க்காமல், விற்பனைப் பிரிவில் நல்ல இடம் இருக்கிறது, கண்ணு, கவலைப்படாதே என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவள் கெர்னல் அறைச் சாவியட்டையை மேசையில் வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கினாள். ஆறு மணி ஆனது. கால்கள் இருந்தன. கைப்பிடியைத் தொடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேர் எங்கெங்கோ இதேபோல் பார்த்துப் பார்த்து ஓர் அடி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பே ஓடிப் போய்ப் பஸ் ஏறச் சொன்னது. போனில் உறுதிமொழிப் படிவம் வந்து விழுந்தது. பயனாளர் என்ற முறையில் அவளுக்கும். 'தொடர்ந்து ஒரே திசையில் புரள மாட்டேன்.' பதினாலு மாதத்துக்கு முன் அவள் எழுதிய வாக்கியத்தையே யாரோ 'நான்' என்று தன்மையில் மாற்றி எழுதியது போலிருந்தது. கீழே சம்மதம் என்று ஒரு பச்சைப் பொத்தான்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறுச்சாமியின் அழைப்பு வந்தது.

"அம்மணி, ஆறு மணியாயும் கால் நின்னு போகுலீங்க! நல்லாருப்பீங்க!" பிறகு தயங்கினார். "ஒரு காயிதம் வந்திருக்குதுங்க. உருள மாட்டேன்னு ஒத்துக்கோணுமாமுங்க. எனக்குத் தெற்குப் பக்கம் பாதியும் மேற்கும் வடக்கும் முழுசும் பாக்கி நிக்குதுங்களே. சாமி தூக்குனதால சுத்து முடிஞ்ச மாதிரின்னு பூசாரி சொல்றாரு. எனக்குத்தான் தெரியுமே, சாமி தூக்கலைன்னு."

பூங்கோதை கடைசிப் படியில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவரை சொல்லக் கூடாத பதில்கள் நிறைய இருந்தன. சாவியட்டை இப்போது அவளிடம் இல்லை.

"உருண்டா திரும்ப நின்னுருமுங்களா அம்மணி? இனி எத்தன தாங்கும்? அத மட்டும் சொல்லுங்க."

"இருநூத்திப் பதினாலு கோடி வரைக்கும் தாங்குமுங்கண்ணா."

அவர் மனதுக்குள் எதையோ சுற்றிப் பார்ப்பது போலிருந்தது.

"அத்தன பெரிய பிரகாரம் எந்தச் சாமிக்கும் இல்லீங்களே" என்றார்.

"இல்லீங்க" என்றாள் பூங்கோதை. "முடிச்சுட்டு வாங்க."

நீலாம்பூர் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. படிவத்தை அப்படியே மூடிவிட்டு அவள் ஓடினாள்.